புத்தி 8 என்றால் திக்கித் திக்கித்தான் பேச வேண்டுமா?

6 ஜூலை 2025, வாசகர் கேள்வி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து ஆடும் கதை விளையாட்டு), ஐந்தாம் எடிஷன், 2014 புத்தகம். முதன்முறையாகப் பார்பேரியன் கிளாஸ், அதாவது வெறிகொண்டு சண்டை போடும் முரட்டு வீரன், எடுத்திருக்கிறேன். இன்டெலிஜென்ஸில், அதாவது புத்தி மதிப்பெண்ணில், 8. "எட்டுதானே, அப்போ முழு வாக்கியம் பேசக் கூடாது. 'நான் பசி, நீ அடி' அந்த ரேஞ்சுலதான் பேசணும்" என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொல்லிவிட்டார். இரண்டு செஷன் அப்படிப் பேசிப் பார்த்தேன். மூன்றாவதில் சண்டை வரும்வரை வாயே திறக்கவில்லை, மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்பேரியன் என்பதே நடிக்க வராதவர்களுக்கு ஒதுக்கின கிளாஸ்தானா?

6 ஜூலை, இரவு

இல்லை. உங்கள் டிஎம்முக்குக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

10 என்றால் சாதாரண ஆள், மாடிஃபையர் (டைஸில் விழுந்த எண்ணோடு கூட்டுவது) 0. 8 என்றால் −1. இருபது முக டைஸில் ஒரே ஒரு எண். நூறு தடவை உருட்டினால் ஐந்து தடவை கூடுதலாகச் சறுக்குவான். பத்தாம் வகுப்பில் என் பெஞ்சில் இருந்த நாலு பேரும் அந்த ரகம்தான். ஒருத்தன்கூட "நான் பசி" என்று பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. ஆறு திறன்களுக்கும் பங்கிடப் புத்தகம் தரும் ஸ்டாண்டர்ட் அரே எண்கள் 15, 14, 13, 12, 10, 8. அந்த எட்டை எங்கேயாவது போட்டுத் தொலைக்க வேண்டும். உங்கள் மேஜையில் பாலடின் என்ற கவச வீரன் இருந்தால் அவர் ஷீட்டை எட்டிப் பாருங்கள், எட்டு அநேகமாக அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் அவர் செந்தமிழில் சபதம் எடுப்பார், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கவசம் போட்டவனுக்கு ஒரு நியாயம், வெற்று மார்போடு வந்தவனுக்கு ஒரு நியாயம்.

7 ஜூலை

நேற்று டிஎம்மை மட்டும் திட்டினது சரியில்லை. இந்தப் பழக்கம் விதிப் புத்தகத்திலிருந்தே வந்தது.

2000-இல் வந்த மூன்றாம் எடிஷனில் பார்பேரியனுக்கு மட்டும் எழுதப் படிக்கத் தெரியாது. தெரிய வேண்டும் என்றால் இரண்டு ஸ்கில் பாயின்ட் செலவழிக்க வேண்டும். அதற்கும் முன்னால் கேரி கைகாக்ஸ் எழுதி 1985-இல் புத்தகத்தில் சேர்ந்த பார்பேரியன் இன்னும் விசேஷம். மந்திரம் என்றாலே ஆகாது. ஆரம்ப லெவல்களில் மந்திரவாதியோடு சேர்ந்து போகவே கூடாது. மந்திரப் பொருளைக் கண்டால் உடைக்கலாம், உடைத்தால் எக்ஸ்பி (லெவல் ஏற உதவும் புள்ளி) உண்டு! நாலு பேர் கஷ்டப்பட்டு டிராகன் குகையிலிருந்து ஒரு மந்திரக்கோலை எடுத்து வந்து காட்டுகிறார்கள், ஐந்தாமவன் அதை முழங்காலில் வைத்து முறித்து லெவல் ஏறப் பார்க்கிறான். பார்ட்டிக்குள்ளேயே எதிர்க்கட்சி.

இப்போதைய விதியில் இதெல்லாம் இல்லை. ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

7 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

கதைகளில் வரும் பார்பேரியன் கோனன் மாதிரி ஆடு என்று உங்கள் டிஎம் சொன்னால் சந்தோஷமாகத் தலையாட்டுங்கள். ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதி 1932 டிசம்பரில் அச்சான முதல் கோனன் கதையில், கோனன் நம் கண்ணில் முதலில் படும்போது கோடரி வீசவில்லை. ராஜாவாகிவிட்டான், மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதுகோலும் கையுமாக வரைபடம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறான். அரசவை வரைபடத்தில் வடக்கு நாடுகள் சரியாக இல்லை, அங்கே பிறந்து வளர்ந்தவன் நிரப்புகிறான். அவனுக்குப் பல பாஷை வேறு தெரியும்.

ஜட்டியோடு நிற்கும் போஸ்டர்தான் நமக்கு ஞாபகம் இருக்கிறது.

9 ஜூலை

"சரி, நீங்கள் எப்படி ஆடினீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

என் பார்பேரியன் பெயர் ஹோர்க். 2018-இல் தொடங்கினது, பெங்களூரில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, சனிக்கிழமை சாயங்காலம். முதல் ஆறு மாதம் நானும் "ஹோர்க் அடி, ஹோர்க் தின்னு" கேஸ்தான், யாரும் சொல்லிக் கொடுக்காமலே.

மறக்க முடியாத இரண்டு. முதலாவது: எங்கள் ரோக் (திருட்டுக் கில்லாடி கிளாஸ்) பொதுப் பங்கிலிருந்து ஒரு ரத்தினத்தைச் சுருட்டிவிட்டான். ஹோர்க் கண்டுபிடித்து, அவன் கணுக்காலைப் பிடித்துப் பாலத்துக்கு வெளியே தலைகீழாகத் தொங்கவிட்டான். மேஜையே சிரித்துப் புரண்டது.

இரண்டாவது: ஓடித் தப்பிக்கும் ஒரு ஒற்றனைக் கூரை கூரையாகத் துரத்துகிறேன். ரேஜ், அதாவது பார்பேரியனின் சண்டை வெறி, போட்டாகிவிட்டது. என் ஆக்‌ஷனையும் ஓடுவதிலேயே செலவழித்தேன். டர்ன் முடிந்ததும் டிஎம் கேட்டார்: "யாரையாவது அடிச்சியா?" இல்லை. "அடி வாங்கினியா?" இல்லை. "அப்போ கோவம் தணிஞ்சிருச்சு, உக்காரு." மூன்றாம் லெவலில் ஒரு நாளைக்கு இருப்பதே மூன்று ரேஜ். அதில் ஒன்று கூரை மேல் ஆவியாகிவிட்டது.

அடுத்த துரத்தலில் உஷாராகிவிட்டேன். பக்கத்தில் ஓடிவந்த மந்திரவாதி விசார்ட்டிடம் "என் கன்னத்துல ஒண்ணு விடு" என்றேன். பளார். அடி வாங்கியாயிற்று, ரேஜ் தொடர்ந்தது. அன்று அந்த ஒற்றனைப் பிடித்தோம்.

9 ஜூலை, இரவு

கன்னத்தில் அறைந்த கதையில் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் பிடித்துவிட்டார். வெறுங்கை அடிக்கு டேமேஜ் 1 கூட்டல் ஸ்ட்ரென்த் (பலம்) மாடிஃபையர். எங்கள் விசார்ட்டின் ஸ்ட்ரென்த் 8. ஒன்றில் ஒன்று போனால் பூஜ்யம். வாங்கினது அடியே இல்லை, தடவல். அது 1-ஆக இருந்திருந்தாலும், ரேஜில் வாங்கும் அடி பாதிதான் என்பதால் பாதியாகி, கீழ்நோக்கி முழுமையாக்கினால் மறுபடி பூஜ்யம்.

ஆக அந்த ஒற்றனைப் பிடித்தது செல்லாது. ஏழு வருஷம் கழித்து அவனை விடுதலை செய்கிறேன்.

10 ஜூலை

சரியான வழி குத்துவாள். அதற்குப் பலத்துக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டியை (லாவகம்) பயன்படுத்தலாம். விசார்ட்டுக்கு டெக்ஸ் +2 என்றால் நாலு முக டைஸ் கூட்டல் 2, அதாவது 3 முதல் 6 வரை. பாதியானால் 1 முதல் 3. நோகாமல் நுங்கு தின்ன முடியாது.

10 ஜூலை, மதியம்

மறுபடியும் திருத்தம், இந்தத் தடவை என் மடத்தனத்துக்கு. யாரும் யாரையும் குத்தவே வேண்டாம். "எதிரியைத் தாக்கியிருக்க வேண்டும்" என்றுதான் விதி. பட வேண்டும் என்று இல்லை. முப்பது அடி ஓடு, கையில் இருக்கிற ஜாவலினை எறி. ஜாவலின் 120 அடி வரை போகும், முப்பதைத் தாண்டினால் குறி தப்பும் வாய்ப்பு அதிகம், தப்பினால் என்ன, ரேஜ் நிற்கும். ஏழு வருஷமாக என் முதுகில் ஐந்து ஜாவலின் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

(2024 புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லை. போனஸ் ஆக்‌ஷன் கொடுத்தால் ரேஜ் நீளும், பத்து நிமிஷம் வரைக்கும். எங்கள் மேஜை இன்னும் 2014-இல்தான் இருக்கிறது. யார் புதுசு வாங்குவது என்பதிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது.)

13 ஜூலை

தமிழில் இந்தக் கிளாஸை எப்படிச் சொல்வது என்று இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். "காட்டுமிராண்டி" என்றால் வசவு. "மறவர்", "எயினர்" என்றால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் நம்மோடு வாழும் மக்களின் பெயரைக் கொண்டுபோய் கோபம் வந்தால் கண் தெரியாத கிளாஸுக்கு வைப்பது எனக்கு உவப்பில்லை. பார்பேரியன் என்றே இருக்கட்டும்.

அந்தச் சொல்லே வெளியாள் வைத்த பெயர்தான். கிரேக்கர்களுக்கு மற்றவர் பேச்செல்லாம் "பர் பர்" என்று கேட்டது, அதனால் பார்பரோஸ். அவனுக்குப் பேச வராது என்று அர்த்தம் இல்லை, இவனுக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

நம்மிடமும் உண்டு. முல்லைப்பாட்டில் பாசறைக்குள் அரசனின் கூடாரத்துப் பக்கம் காவலுக்கு நிற்பவர்கள் "உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்". நாக்கால் பேசாதவர்கள், உடம்பால் பேசுகிறவர்கள். சட்டை போட்டிருந்தார்கள் என்பதையும் புலவர் விடாமல் குறிக்கிறார், அது அவருக்கு அதிசயம். வீட்டுக்குப் போனதும் அந்தக் காவலாளி தன் பாஷையில் எவ்வளவு வாயாடியாக இருந்திருப்பான்! உங்கள் டிஎம் "நான் பசி" என்று பேசச் சொன்னால், "இது என் தாய்மொழி இல்லை, பொதுமொழி. என் ஊர் ஆள் யாராவது வந்தால் சொல்லுங்கள், பேசிக் காட்டுகிறேன்" என்று கேளுங்கள். பிறகு அவரையே அந்த ஊர் ஆளாக நடிக்க வைத்து, இருவரும் சரளமாகப் பேசுங்கள். விசார்ட்டுக்கு மட்டும் புரியக் கூடாது. எங்கள் மேஜையில் இதைச் செய்தோம். விசார்ட் ஆடுகிறவர் அரை மணி நேரம் கடுப்பில் இருந்தார்.

14 ஜூலை

ட்ரோல் என்ற அரக்கன் பற்றி. அதற்கு ஒவ்வொரு டர்னும் 10 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) திரும்ப வளரும், தீயோ அமிலமோ பட்டால் ஒரு சுற்று நிற்கும். இது ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். ஹோர்க் தீவட்டியை எடுத்தபோது எங்கள் டிஎம் தடுத்தார்: "புத்தி 8, உனக்கு எப்படித் தெரியும்?"

ஹோர்க் பிறந்த மலையில் ட்ரோல் உண்டு என்று அவரே வரைபடத்தில் குறித்திருக்கிறார். புலி எப்படிப் பதுங்கும் என்று காட்டோர ஊர்ச் சிறுவனிடம் கேட்பீர்களா, நகரத்து நூலகத்தில் விலங்கியல் படித்தவரிடம் கேட்பீர்களா? இதைச் சொன்னேன். பத்து நிமிஷம் யோசித்துவிட்டு "சரி, உருட்டு, ஆனா சர்வைவல்" என்றார். காட்டில் பிழைக்கும் அந்தத் திறனில்தான் எனக்கு +4. அந்த நாளிலிருந்துதான் ஹோர்க் முழு வாக்கியம் பேச ஆரம்பித்தான். அறிவு என்பது ஒரே கட்டத்தில் எழுதியிருக்கும் எண் இல்லை என்று... வேண்டாம், நான் பிரசங்கம் பண்ணவில்லை.

20 ஜூலை

ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருக்கிறார்: "பாலத்தில் தொங்கவிட்ட கதையில் அந்த ரோக் ஆடினவர் சிரித்தாரா?"

ஒரு வாரமாகப் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். ஞாபகம் இல்லை என்று எழுதலாமா என்றும் பார்த்தேன்.

9-ஆம் தேதி நான் சொன்னதில் பாதிதான் இருக்கிறது. ரோக் ஆடினது எங்களில் ஒருவரின் சொந்தக்காரத் தம்பி, கல்லூரி இரண்டாம் வருஷம், வந்து மூன்றாவது செஷன். பாலத்துக் காட்சியில் எனக்கு ஆர்வம் மிகுந்துவிட்டது. நான் எழுந்து போய் அவன் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துச் சாய்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, முன்கால் இரண்டும் தரையை விட்டு மேலே வந்தன. "எடு ரத்தினத்தை" என்று ஹோர்க் குரலில் கத்தினேன். அவன் கை மேஜை விளிம்பைத் தேடினது, டைஸ் டப்பா சரிந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவன் "குடுத்துர்றேன் குடுத்துர்றேன்" என்றான். அது ரோக் சொன்னதா, அவன் சொன்னதா என்று நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த இரண்டு வாரம் அவன் வரவில்லை. பரீட்சை என்றான். நாங்களும் பரீட்சை என்றே நம்பினோம்.

யாராவது ஏதாவது சொன்னால் அப்போது என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்: "பார்பேரியன்டா, என் கேரக்டர் அப்படித்தான்."

21 ஜூலை

ராத்திரி தூக்கம் வராமல் பெர்சர்க்கர் என்ற பழங்கால வெறி வீரர்கள் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நம் ரேஜ் விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வடக்கு ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. பெயருக்குக் கரடிச் சட்டைக்காரன் என்று ஒரு பொருள் சொல்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தின் ஸ்னோரி எழுதியிருப்பது: ஓடின் கடவுளின் ஆட்கள் கவசமில்லாமல் போனார்கள், நாய் ஓநாய் போல வெறி, கேடயத்தைக் கடித்தார்கள், தீயும் இரும்பும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. இதைத்தான் புத்தகம் "ஆயுத டேமேஜ் பாதி" என்று ஆக்கியிருக்கிறது. வெறி இறங்கினதும் வழக்கத்தை விடப் பலவீனமாகி விழுந்தார்கள் என்றும் அந்நாட்டுப் பழைய கதைகளில் வரும். 2014 புத்தகத்தில் பெர்சர்க்கர் வகைப் பார்பேரியன் ஃப்ரென்ஸி (இன்னும் உக்கிரமான வெறி) போட்டு முடித்ததும் ஒரு லெவல் எக்ஸாஸ்ஷன் (களைப்பு) வாங்குவானே, அது.

ஸ்காட்லாந்தில் லூயிஸ் தீவில் 1831-இல் கிடைத்த சதுரங்கக் காய்கள் இருக்கின்றன, பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கினவை. நாம் யானை அல்லது கோட்டை என்று சொல்லும் மூலைக் காய்க்கு அதில் காவல் வீரன் உருவம். அவற்றில் சில கேடயத்தின் மேல் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விழி பிதுங்கி, பல்வரிசை தெரிய, பயமுறுத்த நினைத்துப் பாவமாகத் தெரிகிற முகம். அன்று நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றபோது என் முகம் அதேபோலத்தான் இருந்திருக்கும்.

ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பான கிராகாஸில் பெர்சர்க்கர் வெறி ஏறுவதே குற்றம், தண்டனை நாடு கடத்தல். பக்கத்தில் இருந்துகொண்டு அவனைப் பிடித்து நிறுத்தாதவர்களுக்கும் அதே தண்டனை.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் மேஜையில் சிரித்தவர்கள் ஞாபகம் வந்தது. ஆனால் அவர்கள் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. சாய்த்தது நான்.

22 ஜூலை

அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். இப்போது வேலைக்குப் போகிறான், இன்னும் எங்கள் மேஜைதான், இன்னும் ரோக்தான். பதில்: "அண்ணா அதெல்லாம் எப்பவோ. ஆனா சேர் ஒடிஞ்சிருமோன்னு பயந்தேன். அப்புறம் ரத்தினம் இன்னும் எங்கிட்டதான் இருக்கு, நான் குடுத்தது கண்ணாடிக் கல்லு."

ஏழு வருஷம்!

27 ஜூலை

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். −1 கணக்கைக் காட்டினாராம், டிஎம் மசியவில்லை. தன் ஊர் பாஷை யோசனையைச் சொன்னதும் ஒத்துக்கொண்டாராம். இப்போது டிஎம்மே அந்தப் பாஷைக்குச் சொற்கள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார், சண்டை தொடங்கவே எட்டு மணி ஆகிறதாம். அடுத்த புகார் அதைப் பற்றி வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

ரெக்லெஸ் அட்டாக் (தற்காப்பை மறந்து அடிப்பது) எப்போதும் போடலாமா என்றும் கேட்கிறார். 11-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரெக்லெஸில் இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுத்தால் 75 சதவீதம். ஆனால் அடுத்த டர்ன் வரை உங்களை அடிப்பவர்களுக்கும் அதே சலுகை. ரேஜ் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் யோசித்துப் போடுங்கள்.

3 ஆகஸ்ட்

நேற்றைய செஷன். பாழுங்கிணறு, ஆழம் தெரியவில்லை, அடியில் ஒரு பெட்டி. இறங்கக் கூடியது ரோக் மட்டும்தான். கட்டிவைக்க மரமோ தூணோ இல்லை. கயிற்றின் மறுமுனையை யாராவது கையில் பிடிக்க வேண்டும், சுற்றுக்கு ஒரு தடவை ஸ்ட்ரென்த் செக் (பலத்துக்கு டைஸ் உருட்டுவது).

தம்பி என்னைப் பார்த்தான். "பிடிச்சுக்குவீங்களாண்ணா?"

ரேஜ் போட்டால் ஸ்ட்ரென்த் செக்குக்கு இரண்டு டைஸ். அன்றைக்கு மிச்சம் ஒரே ஒரு ரேஜ். ஆனால் கிணற்றடியில் எதிரி இல்லை, அடிக்க யாரும் இல்லை. இரண்டு கையிலும் கயிறு, ஜாவலின் எறியவும் வழியில்லை. சும்மா நின்றால் ஆறு வினாடியில் கோபம் போய்விடும். விசார்ட் ஒன்றும் சொல்லாமல் குத்துவாளை உருவினார்.

முதல் குத்து ரேஜ் ஏறுவதற்கு முன்னால், முழுசாக 5. அதன் பிறகு எல்லாம் பாதி. நான் அசையாமல் நின்று வாங்கிக்கொள்வதால் அட்டாக் ரோல் வேண்டாம் என்று டிஎம் விட்டுவிட்டார். ஆறு சுற்று, மொத்தம் 14 ஹெச்பி. ஒவ்வொரு சுற்றிலும் விசார்ட் "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குத்தினார், ஹோர்க் தன் ஊர் பாஷையில் ஏதோ சொன்னான். நாலாவது சுற்றில் ஒரு டைஸில் 2 விழுந்தது, இன்னொன்றில் 17.

பெட்டி பூட்டியிருக்கிறது. திறப்பது அடுத்த சனிக்கிழமை. உள்ளே என்ன இருந்தாலும் இந்தத் தடவை தம்பியின் பங்கை நான் எண்ணப் போவதில்லை.

3 ஆகஸ்ட், இரவு

எண்ணுவேன்.